பந்தாட்ட மைதானமும் பொதுஜனப் பாத்தியமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையில் பேசுதற்கு யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிறிது புதுமையானது. இங்கிலாந்து தேசத்தில் ஊராரின் நன்மைக்குரிய கட்டடங்களையும் நிலங்களையும் ஒரு பட்டியலில் ஏற்றிக் காப்பதற்கு 2011-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழியாகப் பந்தாட்ட மைதானம் ஒன்றைப் பதிவு செய்ய முற்படுவோர் எத்தகைய இடையூறுகளுக்கு உள்ளாகின்றனர், பதிவானபின் அவர்கள் அடையும் பலன் எவ்வளவு என்பவற்றை விளக்குவதே எம் உரையின் நோக்கம்.

"எங்கோ ஆங்கிலேயர் பந்தாடும் மைதானத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று இங்குள்ளோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், சாவடி, ஊருணி, நந்தவனம், கல்யாண மண்டபம் முதலிய பொதுச் சொத்துக்களோடு பழகிய குடும்பத்தார்க்கு, அனுபோகம் ஒருவரிடத்தும் பத்திரம் மற்றொருவரிடத்தும் இருத்தலால் விளையும் சங்கடம் எத்தகையதென்று யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச்சங்கடத்தை வேறொரு தேசத்தார் சட்டத்தினால் தீர்க்க முயன்ற வரலாறு, அறிவுடையோர் எவர்க்கும் பயன்படுவதாம்.

முதலாவது, அத்தேசத்தில் மைதானம் என்பது இன்னதென்று அறிதல் வேண்டும். அது புல்தரையும் இருக்கைகளும் மாத்திரம் அன்று. பாட்டன் கைபிடித்துச் சென்ற இடத்திற்குப் பேரன் தன் மகனைக் கூட்டிச் செல்லுகின்றான். ஊரை விட்டுப் பிழைப்புக்காகப் போனவர்களும் சனிக்கிழமைதோறும் அவ்விடத்திற்குத் திரும்புகின்றனர். இறந்தவர்களின் அஸ்தியை மைதானத்தின் ஓரத்தில் தூவவேண்டுமென்று குடும்பத்தார் வேண்டிக்கொள்வதும் உண்டு. இவ்வளவு பற்றுதல் இருந்தும், அந்த நிலத்தின்மேல் அம்மக்களுக்கு எள்ளளவும் சட்டப் பாத்தியம் இல்லை. நிலம் ஒரு கம்பெனிக்கோ, ஒரு தனவந்தர்க்கோ, சில ஊர்களில் முனிசிபல் சபைக்கோ சொந்தம். நுழைவுச் சீட்டு வாங்கியவன் ஆட்டம் முடியும்வரை அமர்ந்திருக்கலாம். அவன் உரிமை அவ்வளவே.

இதனால் நேர்ந்த கேட்டிற்குப் பிரைட்டன் நகரத்தார் சாட்சி. அந்நகரத்துப் பந்தாட்டக் கழகம் 1902-ஆம் வருஷம் முதல் கோல்ட்ஸ்டோன் என்னும் மைதானத்தில் ஆடிவந்தது. 1995-ஆம் வருஷத்தில் அந்நிலம் கட்டட வியாபாரிகளுக்கு விற்கப்பட்டது. போவதற்கு வேறு மைதானம் ஏற்பாடாகு முன்னரே இருந்த மைதானம் போயிற்று. ஊரார் கூட்டம் கூடினர்; கூக்குரலிட்டனர்; ஊர்வலம் நடத்தினர். கிரயம் முடிந்தபின் கூக்குரலால் ஆவதென்ன? 1997-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 26-ஆம் தேதி அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. பின்னர் அவ்விடத்தில் கடைகள் எழுந்தன. கழகமோ ஏறக்குறைய 70 மைல் தூரத்திலுள்ள ஜில்லிங்ஹாம் என்னும் ஊரில் இரண்டு வருஷம் ஒண்டிக் குடியிருந்து, அப்பால் தன் நகரத்திலேயே ஓட்டப் பந்தயங்களுக்கென அமைந்த சிறு திடலொன்றில் பன்னிரண்டு வருஷம் காலங்கழித்து, 2011-ஆம் வருஷத்திலேதான் சொந்த அரங்கத்திற் குடிபுகுந்தது. ஒரு கிரயப் பத்திரம் பதினான்கு வருஷத்து அலைச்சலை உண்டாக்கிற்று.

விம்பிள்டன் கழகத்தின் கதை இதனினும் பரிதாபகரமானது. 1912-ஆம் வருஷம் முதல் ஆடிவந்த பிளவ் லேன் மைதானத்தை அக்கழகம் 1991-ஆம் வருஷத்தில் விட்டு நீங்கி, வேறொரு கழகத்தின் மைதானத்தில் பங்குக்கு ஆடிற்று. விட்டு வந்த நிலம் 1998-ஆம் வருஷத்தில் ஒரு பலசரக்குக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. சொந்த மண் போனபின் கழகம் நிலைக்குமோ? 2002-ஆம் வருஷத்தில் கழகத்தையே மில்டன் கீன்ஸ் என்னும் வேற்றூருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்துவிட்டது. ஊரார் மனந்தளராது அவ்வருஷத்திலேயே புதிய கழகம் ஒன்றைத் தாமே ஸ்தாபித்து, அடிப்படியிலிருந்து ஏறி, 2020-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பழைய இடத்திற்கு அருகில் புதிய அரங்கம் கண்டனர். இழந்ததை மீட்க அவர்களுக்கு இருபத்தொன்பது வருஷம் சென்றது.

இத்தகைய நிகழ்ச்சிகள் அத்தேசத்தாரின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பின. ஊராரின் வாழ்க்கையோடு கலந்துபோன ஓர் இடத்தை உடையவர் விற்க எண்ணும்போது, அவ்வூரார்க்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லுதல் வேண்டாமா? வாங்க விரும்பினால் பணம் சேர்க்கச் சிறிது அவகாசம் தருதல் வேண்டாமா? இக்கேள்விகளுக்கு விடையாக வந்ததே 2011-ஆம் வருஷத்து ஸ்தல சுயாட்சிச் சட்டத்தில் அடங்கிய "சமூகப் பயன் சொத்து" என்னும் ஏற்பாடு. அதற்குரிய விதிகள் 2012-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அமலுக்கு வந்தன.

அவ்வேற்பாட்டின் சாரம் இது. ஊர்ச் சங்கமோ, பாரிஷ் சபை என்னும் கிராமச் சபையோ, ஓர் இடத்தைக் குறித்து ஸ்தல ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் செய்துகொள்ளலாம். ஸ்தாபனத்தார் எட்டு வாரத்துக்குள் தீர்மானம் செய்தல் வேண்டும். ஏற்றுக்கொண்டால் அவ்விடம் ஐந்து வருஷ காலம் பட்டியலில் இருக்கும். அக்காலத்தில் உடையவர் விற்க எண்ணினால் முதலில் ஸ்தாபனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர்ச் சபை ஒன்று, "யாங்கள் வாங்க முயல்கின்றோம்" என்று எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டால், அறிவிப்புத் தேதியிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை வேறெவர்க்கும் விற்றல் கூடாது. பட்டியலில் ஏறிய செய்தி நில ரிஜிஸ்டரிலும் தடையாகக் குறிக்கப்படும். அறிந்தே இவ்விதியை மீறிச் செய்த கிரயம் செல்லாது.

கேட்பதற்கு இஃது எளிதாகவும் இனிதாகவும் இருக்கின்றது. மான்செஸ்டர் நகருக்கு அருகில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க ஓல்ட் டிராஃபோர்டு அரங்கமே 2013-ஆம் வருஷத்தில் அபிமானிகள் சங்கத்தின் விண்ணப்பத்தினால் பட்டியலில் ஏற்றப்பட்டது என்றால், இனிக் கவலை ஏது என்று தோன்றும். ஆயின், மைதானம் ஒன்றைப் பதிவு செய்யும் வழியில் உள்ள முட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால் உண்மை நிலை விளங்கும்.

முதல் இடையூறு, விண்ணப்பிக்கத் தக்கவர் யார் என்பது. தனி மனிதர் ஒருவர், அவர் எத்துணைப் பெரியவராயினும், விண்ணப்பம் செய்துகொள்ள இயலாது. பதிவு பெறாத ஒரு கூட்டம் விண்ணப்பிக்க வேண்டுமானால், அவ்வூர் வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ள அங்கத்தினர் 21 பேராவது அதில் இருத்தல் வேண்டும். இலாபத்தை அங்கத்தினர்க்குள் பங்கிட்டுக் கொள்ளுதலும் கூடாது. சங்கத்தின் காரியங்கள் அந்த ஸ்தலத்தைப் பற்றியனவாக இருத்தலும் அவசியம். பந்தாட்ட அபிமானிகளோ நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். ஆயிரம் பேர் சேர்ந்த சங்கமாயினும், "உங்களுக்கு இந்த ஸ்தலத்தோடு சம்பந்தம் என்ன?" என்ற கேள்விக்கு அங்கத்தினர் ஜாபிதாவைக் கொண்டு விடை சொல்லியாக வேண்டும். ஒழுங்காகப் பேரேடு வைத்திராத சங்கம் முதற்படியிலேயே இடறும்.

இதில் மற்றொரு நுட்பம் உண்டு. பதிவுக்கு விண்ணப்பிக்க 21 பேர் கொண்ட கூட்டம் போதும். ஆனால் பிற்பாடு வாங்க முன்வரும் சபையோ சட்டப்படி பதிவு பெற்றதாக இருத்தல் வேண்டும். தர்ம ஸ்தாபனமாகவோ, கூட்டுறவுச் சங்கம் போன்றதாகவோ, சமூக நலக் கம்பெனியாகவோ அமையாத கூட்டம், விற்பனை அறிவிப்பு வந்த நாளில் வாசலில் நின்று பார்க்கலாமே அன்றி உள்ளே நுழைய இயலாது. ஆறு வாரத்துக்குள் புதுச் சபை அமைத்து, விதிகள் எழுதி, பதிவும் செய்துகொள்ளுதல் எத்துணைப் பதற்றமான காரியம் என்பதை யோசியுங்கள்.

இரண்டாவது இடையூறு, மைதானத்தின் உபயோகம் எத்தகையது என்பது. ஓர் இடத்தின் முக்கிய உபயோகம் ஊராரின் சமூக நலத்தை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். அது வேறொன்றுக்குத் துணையாக நடப்பதாக இருத்தல் போதாது என்பது சட்டம். விளையாட்டு, கலை, பொழுதுபோக்கு ஆகியவை சமூக நலத்தில் அடங்கும் என்று சட்டமே வாய்விட்டுச் சொல்லியிருப்பது நல்வினைப்பயன். எனினும் உடையவர் தரப்பார் வாதம் செய்ய இடமுண்டு. "ஆட்டம் நடப்பது வருஷத்தில் சில நாட்களே, மற்ற நாட்களில் விருந்து மண்டபமும், கடையும், காரியாலயமும், வண்டி நிறுத்துமிடமும் நடக்கின்றன. இது வியாபாரம் அன்றோ? இதில் ஊரார் நலம் எங்கே?" என்பர். ஆகவே விண்ணப்பிப்போர், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி, முதியோர் கூட்டம், பெண்கள் ஆட்டம், ஊர்த் திருவிழா என அவ்விடத்தில் நடப்பவற்றைத் தேதிவாரியாகத் திரட்டி வைத்தல் வேண்டும். மனத்தில் உள்ள பற்றுதல் சாட்சியம் ஆகாது. குறித்து வைத்த ஏடே சாட்சியம்.

மூன்றாவது, எல்லை. விண்ணப்பத்தில் நிலத்தின் நான்கெல்லையைக் குறித்தல் வேண்டும். உடையவர், குத்தகைதாரர் இன்னார் என்று தெரிந்த அளவில் எழுதுதல் வேண்டும். பெரிய அரங்கமாயின் ஆடுகளம் ஒரு பத்திரத்திலும், வண்டி நிறுத்துமிடம் மற்றொரு பத்திரத்திலும், பயிற்சித் திடல் மூன்றாவதொரு கம்பெனியின் பேரிலும் இருக்கும். ஆடுகளத்தை மாத்திரம் குறித்தால், சுற்றியுள்ள நிலம் விலையாகி, வழியும் வாசலும் இன்றி மைதானம் மூச்சுத் திணறும். எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால், "இந்தப் பகுதியில் ஊராருக்கு என்ன உபயோகம்?" என்று ஆட்சேபம் எழும். அளவறிந்து எழுதுதல் ஒரு கலையே.

நான்காவது, மூடிக் கிடக்கும் மைதானத்தின் நிலைமை. சட்டம் இதற்கும் இடம் தந்திருக்கின்றது. அண்மைக் காலத்தில் ஊரார்க்குப் பயன்பட்டதாகவும், வரும் ஐந்து வருஷத்துக்குள் மீண்டும் பயன்படக் கூடியதென எண்ணுதற்கு இடமுள்ளதாகவும் இருந்தால் பதிவு செய்யலாம். ஆனால் "அண்மைக் காலம்" என்பது எத்தனை வருஷம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் அபிப்பிராயப்படி முடிவு செய்யும். பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்க இருக்க, ஊரார் கட்சி பலவீனமாகும். ஆகவே தாமதமே இங்குப் பெரும் பகை.

ஐந்தாவது, உடையவரின் ஆட்சேபணை. பட்டியலில் ஏற்றியது தவறென்று அவர் ஸ்தாபனத்திடமே மறுபரிசீலனை கோரலாம். அதிலும் திருப்தி இல்லையேல் நியாய மன்றத்துக்கு அப்பீல் செய்யலாம். பதிவினால் விற்பனை தாமதப்பட்டு நஷ்டம் நேர்ந்ததென்று ஈடும் கேட்கலாம். உடையவர்க்கு இவ்வுரிமைகள் இருத்தல் நியாயமே. பிறர் சொத்தின்மேல் தடை விதிக்கும்போது அவர் சொல்லையும் கேட்பதுதானே தர்மம்? ஆனால் ஊர்ச் சங்கத்துக்கு அப்பீல் உரிமை கிடையாது. விண்ணப்பம் தள்ளப்பட்டால், தள்ளப்பட்டவற்றின் பட்டியலில் காரணத்தோடு எழுதி வைப்பார்கள், அவ்வளவே. தராசின் ஒரு தட்டு சற்றே தாழ்ந்திருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, பதிவு கிட்டியது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின்னும் நான்கு ஓட்டைகள் உண்டு. இவற்றை அறியாமல், பதிவுப் பத்திரத்தைக் கண்டு மகிழ்ந்து உறங்குவோர் விழித்தெழும்போது மைதானம் கைமாறியிருக்கும்.

ஒன்று, இச்சட்டம் காலி சுவாதீனத்தோடு நடக்கும் முழு விக்கிரயத்தையும், அத்தகைய 25 வருஷமோ அதற்கு மேலோ உள்ள குத்தகையையுமே தடுக்கும். கழகம் குத்தகைதாரராக உள்ளே இருக்கும்போது, குத்தகைக்கு உட்பட்டு நிலத்தை வேறொருவருக்கு விற்றால் இச்சட்டம் குறுக்கிடாது. இரண்டு, நிலத்தை உடைய கம்பெனியின் பங்குகளை ஒருவர் வாங்கிவிட்டால், நிலம் கைமாறவே இல்லை என்பது சட்டத்தின் பார்வை. பத்திரத்தில் பெயர் மாறாது. அப்பெயருக்குப் பின்னிருக்கும் மனிதர் மாத்திரம் மாறுவர். நடந்துவரும் வியாபாரத்தோடு சேர்த்து விற்பதற்கும் விலக்கு உண்டு. மூன்று, ஆறு மாதம் முடிந்தபின் ஊர்ச் சபைக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் உடையவருக்கு இல்லை. ஊரார் கேட்ட விலையை மறுத்து, தாம் விரும்பியவர்க்கு விரும்பிய விலைக்குக் கொடுக்கலாம். அறிவித்த நாளிலிருந்து பதினெட்டு மாதம் முடியும்வரை மறுபடி அவரைத் தடுக்கவும் இயலாது. நான்கு, ஐந்து வருஷம் கழிந்தால் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். மீண்டும் விண்ணப்பம், மீண்டும் சாட்சியம், மீண்டும் ஆட்சேபணை. நினைவூட்டிக் காரியம் செய்ய ஒருவர் இல்லாத சங்கத்தில் இத்தேதி ஒருவரும் அறியாமலே கடந்துபோகும்.

இவ்வோட்டைகளின் தன்மை ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக் கழகத்தின் வரலாற்றில் நன்கு புலப்படும். அக்கழகம் 2001-ஆம் வருஷத்தில் பழைய மைதானத்தை விட்டுக் காசம் அரங்கத்திற் புகுந்தது. பழைய இடத்தில் வைத்தியசாலை எழுந்தது. 2006-ஆம் வருஷத்தில் உரிமையாளர் கழகத்தை மாத்திரம் விற்றுவிட்டு, அரங்கத்தைத் தம் வசமே வைத்துக்கொண்டார். உயிர் ஒருவரிடமும் உடல் ஒருவரிடமும் ஆனது போலாயிற்று. 2013-ஆம் வருஷத்தில் அபிமானிகள் சங்கத்தார் முயன்று, தேசத்தில் முன்னோடியாக அவ்வரங்கத்தைப் பட்டியலில் ஏற்றினர். பாராட்டத் தக்க காரியமே. ஆனால் பட்டியலில் ஏறியதனால் கழகத்துக்கு நிலத்தின்மேல் உரிமை வந்துவிடவில்லை. கழகம் குத்தகைக் குடியாகவே இருந்து, பிற்காலத்தில் நகரத்துக்கு வெளியே தனக்கென வேறோர் அரங்கம் கட்டிக்கொள்ளும் முயற்சியில் இறங்க நேர்ந்தது.

"அப்படியாயின் இப்பதிவினால் பயனே இல்லையோ?" என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. பதிவு நிலத்தைத் தருவதில்லை, காலத்தைத் தருகின்றது. பிரைட்டன் நகரத்தாருக்கு 1995-ஆம் வருஷத்தில் கிடைக்காத பொருள் அதுவே. இரகசியமாக நடந்திருக்கக் கூடிய விற்பனையைப் பலர் அறியச் செய்கின்றது. அந்நிலத்தில் வேறு கட்டடம் எழுப்ப மனுப்போடுவோர் வந்தால், அதைப் பரிசீலிக்கும் ஸ்தாபனத்தார் பதிவையும் ஒரு காரணமாகக் கருத இடம் தருகின்றது. எல்லாவற்றினும் மேலாக, சிதறிக் கிடந்த ஊராரை ஒரு காரியத்தின்பொருட்டு ஒன்று கூட்டுகின்றது. ஆனால் கிடைத்த காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வலிமை முன்னரே இருந்தாலொழிய, ஆறு மாதம் ஆறு நாளாய்க் கழிந்துபோகும்.

அவ்வலிமை எத்தகையது என்பதற்கு மூன்று உதாரணங்கள் காட்டுவோம். லண்டனிலுள்ள சார்ல்டன் கழகம் 1985-ஆம் வருஷத்தில் தன் வேலி மைதானத்தை விட்டு நீங்கிற்று. அங்கே திரும்புதற்கு முனிசிபல் அனுமதி கிட்டாமை கண்டு, அபிமானிகள் 1990-ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் மைதானத்தின் பேரால் ஒரு கட்சியையே நிறுத்தினர். அவர்கள் ஒரு ஸ்தானமும் பெறவில்லை. ஆயினும் 14,838 வாக்குகள் விழுந்தன. அவ்வாக்குகளின் பொருள் சபையாருக்கு விளங்கிற்று. 1992-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 5-ஆம் தேதி கழகம் தன் வீடு திரும்பியது. அந்நாளில் இச்சட்டமே பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போர்ட்ஸ்மத் துறைமுக நகரத்தின் கழகம் கடனில் அழுந்தி ஒழிந்துவிடும் நிலையில் இருந்தது. அபிமானிகள் ஆளுக்கு 1,000 பவுன் வீதம் பங்கு எடுத்து, சிலர் பலராகக் கூடி ஒரு பங்கு எடுத்து, பணம் திரட்டினர். 2013-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கழகமும் ஃப்ராட்டன் பார்க் மைதானமும் அவர்கள் கைக்கு வந்தன. கடன் தீர்ந்து கழகம் நிமிர்ந்தபின், 2017-ஆம் வருஷத்தில் அங்கத்தினரின் வாக்கெடுத்தே அதைப் புதியவர்க்கு விற்றனர். வாங்கியதும் கூட்டத்தின் முடிவு. விற்றதும் கூட்டத்தின் முடிவு.

மூன்றாவது, பரி என்னும் ஊர். அங்குள்ள கிக் லேன் மைதானம் 1885-ஆம் வருஷம் முதல் பந்தாட்டம் கண்டது. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பணமுடையினால் அவ்வூர்க் கழகம் லீக் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது. மைதானம் பூட்டப்பட்டது. ஊரார் கலங்கினர், ஆனால் கலைந்துவிடவில்லை. 2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அபிமானிகளின் சபை ஒன்று, சமூக உடைமை நிதியிலிருந்து சர்க்கார் அளித்த பத்து லக்ஷம் பவுனோடு உபகாரிகளின் பணமும் சேர்த்து, மைதானத்தை வாங்கிற்று. அதன்பின்னும் அபிமானிகள் இரு பிரிவாய் நின்றனர். மைதானம் உடைய பிரிவும், புதிதாய்க் கழகம் அமைத்த பிரிவும் தனித்தனியே இருந்தமையால் காரியம் தடைப்பட்டது. இரு பிரிவாரும் ஒன்றுபட்ட பின்னரே, 2023-ஆம் வருஷத்தில் பரி கழகத்தின் ஆட்டம் மீண்டும் அம்மண்ணில் நடந்தது. பூட்டைத் திறக்கப் பணம் உதவிற்று. ஆட்டத்தைத் திரும்பக் கொணர ஒற்றுமை வேண்டியிருந்தது. சர்க்கார் நிதியை நம்பியே இருத்தலும் தகாது. 2021-ஆம் வருஷத்தில் தொடங்கிய அந்நிதி, 2024-ஆம் வருஷத்து முடிவில் மூடப்பட்டுவிட்டது. அடுத்த ஊரார் அக்கதவைத் தட்ட இயலாது.

சட்டத்தின் குறைகளை அத்தேசத்தார் அறியாதவர் அல்லர். அண்டையிலுள்ள ஸ்காட்லாந்து தேசம் 2003-ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டத்தினால், பதிவு செய்துகொண்ட கிராமச் சபைக்கு முதலில் வாங்கும் உரிமையையே கொடுத்தது. பிற்பாடு பட்டணங்களுக்கும் அதை விரித்தது. அங்கே உடையவர் விற்க முன்வந்தால், மதிப்பீட்டாளர் குறித்த விலைக்கு ஊர்ச் சபையே முதலில் வாங்கலாம். இங்கிலாந்திலும் 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட மசோதா ஒன்று, ஆறு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்கி, ஊராருக்கு முதலில் வாங்கும் உரிமை அளித்து, விளையாட்டு மைதானங்களைத் தனி வகுப்பாகவும் பாவித்தது. அம்மாதத்திலேயே நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டமோ, தன் ஆளுகைக்கு உட்பட்ட கழகங்கள் தம் மைதானத்தை விற்பதற்கும் இடம் மாறுவதற்கும் முன்னர் ஒரு மேற்பார்வை அதிகாரியின் சம்மதம் பெறவேண்டும் என்று விதித்தது. பிரைட்டன் நகரத்தாரும் விம்பிள்டன் ஊராரும் சிந்திய கண்ணீர் வீண்போகவில்லை என்பதற்கு இவை அடையாளம்.

எனினும், முதலில் வாங்கும் உரிமை என்பது வாங்கும் சக்தி ஆகாது. விலை சொல்லும் நாளில் மடியில் பணம் இல்லாதவனுக்கு முதலிடம் கொடுத்தாலும் கடைசி இடம் கொடுத்தாலும் ஒன்றே. வீடு கட்டும் நிலமாக மதிப்பிட்டால் நகர நடுவிலுள்ள மைதானத்தின் விலை மலைபோல் நிற்கும். விளையாட்டு மைதானமாகவே மதிப்பிடுக என்று வாதாடுதற்கும் வல்லவர்கள் வேண்டும். வாங்கியபின் கூரை ஒழுகினால் செப்பனிடவும், விளக்குக்குக் கட்டணம் கட்டவும் வருஷ வருமானம் வேண்டும். பலருடைய பொருளைப் பாதுகாப்பவர்க்கு உற்சாகத்தினும் கணக்கே பெரிய துணை.

ஆகவே, அத்தேசத்தில் மைதானத்தைக் காக்க விரும்பும் ஒரு சங்கம் செய்யத்தக்கவை இவை என்று யாம் கருதுகின்றோம். அபாயம் வருமுன்னரே, கழகம் செழிப்பாக இருக்கும் காலத்திலேயே பதிவு செய்துகொள்ளுதல். சங்கத்தைச் சட்டப்படி பதிவு பெற்ற சபையாக முதலிலேயே அமைத்துக்கொள்ளுதல். அங்கத்தினர் ஜாபிதாவையும், மைதானத்தில் நடக்கும் பொதுக் காரியங்களின் குறிப்பையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல். குத்தகைப் பத்திரத்தின் ஷரத்துக்களையும், நிலம் எக்கம்பெனியின் பேரில் உள்ளது என்பதையும் விசாரித்து வைத்தல். சிறுகச் சிறுக ஒரு நிதி திரட்டி, தணிக்கை செய்த கணக்கோடு வைத்திருத்தல். ஐந்தாவது வருஷம் முடியுமுன் மறுவிண்ணப்பம் செய்தல். இறுதியாக, உடையவரைப் பகைவராக எண்ணாது, அவரோடு பேச்சு வார்த்தைக்கு எப்பொழுதும் ஒரு வாயில் திறந்து வைத்தல். விற்க மனமில்லாதவரிடத்திலும் நீண்ட குத்தகை கேட்கலாம். விற்கும்போது முதலில் தெரிவிப்பதாக ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கலாம். சட்டம் கொடுக்காததை நல்லெண்ணம் கொடுத்த இடங்களும் உலகில் உண்டு.

அன்பர்களே! பொதுச் சொத்து என்பது பலர் அனுபவிப்பதனால் மாத்திரம் பொதுச் சொத்து ஆகிவிடாது. அதற்காகப் பலர் பொறுப்பேற்கும்போதே அப்பெயருக்கு உரியதாகின்றது. நுழைவுச் சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்துச் சென்ற ஆயிரக்கணக்கானவரைவிட, மாலை வேளைகளில் ஒரு சிறு அறையில் அமர்ந்து ஜாபிதா எழுதிய இருபத்தொருவரே மைதானத்துக்கு உண்மையான காவலர். அவர்கள் பெயரை எவரும் ஆரவாரித்துக் கூவுவதில்லை. ஆனால் அவர்கள் எழுதிய ஏடு இருந்தாலன்றி, ஆரவாரிப்பதற்கு இடமே இல்லாமற் போகலாம்.

பத்திரங்களும் பேரேடுகளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுவையற்ற பொருள்களாகத் தோன்றுதல் இயல்பு. தாய்மார்களும் தந்தைமார்களும் இவ்வூர்களின் கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார்களாயின், விளையாட்டில் உள்ள ஆசையின் வழியாகவே பொதுக் காரியத்தின் பொறுப்பும் அவர்கள் மனத்திற் பதியும் என்று நம்புகின்றோம்.